அடைப்புக்குறிக்குள் உறுமல்

கம்பெனியில் அவளுக்கு வைத்திருந்த பெயர் பிராக்கெட். படத்தில் யாராவது பேசினால் அந்தப் பேச்சை அப்படியே எழுதுவாள். பேச்சில்லாமல் சத்தம் மட்டும் வந்தால் அதை அடைப்புக்குறிக்குள் எழுதுவாள். [கதவு கிறீச்சிடுகிறது]. [தூரத்தில் நாய் குரைக்கிறது]. காது கேளாதவர்கள் வீட்டில் உட்கார்ந்து டிவிடி பார்க்கும்போது திரையின் அடியில் வாசித்துக்கொள்ள வேண்டிய வரிகள் இவை. ஓடின படம், ஓடாத படம், தியேட்டர்காரனே பாதியில் எழுந்து போன படம் என்று எல்லாவற்றையும் டிவிடியாகப் போட்டு விற்கும் கம்பெனி அது. ஜன்னல் இல்லாத அறையில் ஒரு கம்ப்யூட்டருக்கும் ஒரு மின்விசிறிக்கும் நடுவே உட்கார்ந்து, ஊரார் அழுவதையும் சிரிப்பதையும் அடைப்புக்குறிக்குள் அடைத்து அடைத்து, எதைப் பார்த்தாலும் உதட்டோரம் கோணிக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு வந்துவிட்டிருந்தது.

'கடிச்சா காலி' படத்தை முதலாளி அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனபோதும் உதடு கோணியது. செத்தவர்கள் ஜோம்பிகளாக எழுந்து வந்து உயிரோடிருப்பவர்களைக் கடித்து மூளையைத் தின்கிற கதை. திகிலும் சிரிப்பும் கலந்த படம் என்று போஸ்டரில் போட்டிருந்தார்கள். அந்தக் கலவையைப் பார்த்தவர்கள் எதில் எது என்று இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள். கல்லறைகள் தெர்மாகோல். பனிமூட்டம், கேமராவுக்குப் பின்னால் யாரோ ஈரச் சாக்கை எரித்த புகை. அதில் கதாநாயகி உண்மையாகவே இருமினாள், படம் முழுவதிலும் அவள் உண்மையாகச் செய்த ஒரே காரியம் அதுதான். ஜோம்பிகள் மொத்தம் எட்டே பேர். சுட்டால் விழுவார்கள். அடுத்த காட்சியில் சட்டையை மாற்றிக்கொண்டு வேறு எட்டுப் பேராக வருவார்கள்.

அந்த எட்டுப் பேரில் ஒருவன் அவளுடைய அண்ணன். பிறவியிலேயே காது கேளாதவன். அச்சகத்தில் பைண்டிங் வேலை. எட்டுப் பேருமே காது கேளாதோர் சங்கத்திலிருந்து போனவர்கள். டைரக்டர் நேரில் வந்து கேட்டுக் கூட்டிப்போனார். பேசாத ஆட்கள் என்றால் படப்பிடிப்பில் சத்தம் இருக்காது, கேள்வியும் இருக்காது என்பது அவர் போட்ட கணக்கு. காது கேட்காதவன் சத்தம் போடமாட்டான் என்று நினைப்பது காது கேட்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. தன் சத்தம் தனக்குக் கேட்டால்தானே அதைக் குறைப்பான்? பிறந்ததிலிருந்து வாயில் விரல் வைத்து அடக்கப்பட்ட எட்டுப் பேருக்கு, முகத்தில் மைதாப் பசையைப் பூசி, கத்து என்று கைகாட்டிவிட்டால் என்ன ஆகும்? கூரை பிய்ந்தது. ஒலிப்பதிவுக்காரர் மூன்றாம் நாள் காய்ச்சல் என்று வீட்டுக்குப் போய்விட்டாராம். அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

அவன் சொல்லிச் சிரிக்காத விஷயமும் ஒன்று உண்டு. எட்டுப் பேரில் தையல்காரரும் ஒருவர், அண்ணனோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். மாடிப்படிக் காட்சி எடுக்கும்போது கைப்பிடிக் கட்டை முறிந்து கீழே விழுந்தார். கணுக்கால் நொறுங்கிப்போனது. படப்பிடிப்பு ஆட்கள் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, சொந்த வீட்டுப் படியில் வழுக்கி விழுந்தவர் என்று எழுதவைத்துவிட்டு வந்துவிட்டார்கள். கால் கோணலாகக் கூடிவிட்டது. மறுபடி ஆபரேஷன் செய்தால் நேராகும். தையல் மெஷினை மிதிக்கலாம். ஆனால் வேலை செய்த இடத்தில் அடிபட்டது என்று வேலை கொடுத்தவர் கையெழுத்துப் போட்டால்தான் அதை இலவசமாகச் செய்வோம் என்றது ஆஸ்பத்திரி. டைரக்டர் போடவில்லை. வரும்போதே நொண்டிக்கொண்டுதான் வந்தான் என்றார். அவருடைய ஆட்கள் எல்லோரும் அதையே ஒப்பித்தார்கள். மற்ற ஏழு பேர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னது யாருக்கும் புரியவில்லை. புரிய வேண்டும் என்ற அவசரமும் யாருக்கும் இல்லை.

அவள் முதல் கல்லறைக் காட்சிக்கு வந்தாள். தெர்மாகோலைத் தள்ளிக்கொண்டு அண்ணன் எழுந்தான். [உறுமல்] என்று தட்டப்போனவள் கையை எடுத்துவிட்டாள். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நடக்கவேண்டிய ஜோம்பி, நடந்துகொண்டே சைகையில் பேசிக்கொண்டிருந்தது.

"இந்தக் குழியில நேத்து நாய் படுத்திருந்துச்சு. இன்னிக்கு நான்."

படத்தைப் பின்னால் தள்ளி மறுபடி பார்த்தாள். சந்தேகமே இல்லை. வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு மேலே தினமும் பார்க்கிற கை. அடுத்த காட்சியில் கதாநாயகி, அதாவது டைரக்டரின் மனைவி, சந்துக்குள் ஓடினாள். பின்னால் துரத்திய ஜோம்பி சொன்னது: "இந்தம்மாவுக்கு நடிக்கத்தான் வரல, ஓடவாவது வரக்கூடாதா?" கதாநாயகனைச் சுற்றி வளைத்தபோது, அவனுடைய டோப்பாவைக் காட்டி, "இவன் தலையில இருக்கற பூனை நழுவுது, யாராவது பிடிங்க." கேமராவுக்குப் பக்கவாட்டில் பார்த்து, "அந்தத் தொப்பிக்காரன் காலைலேர்ந்து குதிக்கறான். அவனைக் கடிக்கற சீன் எப்ப வரும்?"

தொப்பிக்காரன் டைரக்டர். அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பக்கத்து அறையில் அட்டை டிசைன் செய்பவர் எட்டிப் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். இந்த அறையிலிருந்து அப்படி ஒரு சத்தம் அவர் கேட்டதில்லை.

சிரிப்பு மாடிப்படிக் காட்சி வரைக்கும்தான் இருந்தது. தியேட்டரில் ஜனங்கள் சிரித்த ஒரே இடம் அது என்று கேள்விப்பட்டிருந்தாள். எட்டு ஜோம்பிகளும் படியேறி வருகிறார்கள். இடது ஓரத்தில், திரையின் விளிம்பில், ஒரு தோள் சரிந்து மறைகிறது. சரிந்ததைப் பார்க்க வேண்டுமென்று பார்த்தால்தான் தெரியும். முன்னால் வந்துகொண்டிருந்த அண்ணன், காலடியில் படி அதிர, திரும்பிப் பார்க்கிறான். பிறகு நேராகக் கேமராவைப் பார்த்து வருகிறான். வாயோரம் மைதா நுரைக்கிறது. தொண்டை கிழியக் கத்துகிறான். கைகள் அடித்துக்கொள்கின்றன.

"நிறுத்து. ஆள் விழுந்துட்டான். கால் உடைஞ்சிருக்கு. நிறுத்துங்க. கண்ணு இல்லையா உங்களுக்கு? நிறுத்து."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். கேமரா நிற்கவில்லை. மெதுவாக அவன் முகத்தை நோக்கி நெருங்கியது. அதன் மேல் சர்க்கஸ் கோமாளி வரும்போது வாசிக்கிற மாதிரி ஒரு இசையைப் போட்டிருந்தார்கள்.

அவள் அந்த முகத்தை அப்படியே நிறுத்தி வைத்தாள். பிறகு தட்டினாள். அடைப்புக்குறி இல்லாமல், பேச்சை எழுதுகிற மாதிரி, அவன் சொன்னதையெல்லாம் எழுதினாள்.

படத்தின் பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்குப் போனாள். அண்ணன் படத்தை அதுவரை பார்த்திருக்கவில்லை. தியேட்டரில் எழுத்துப் போடுவதில்லை. எழுத்தில்லாத படத்துக்கு அவன் போவதில்லை. டிவியில் போட்டுக் காட்டினாள். தன்னுடைய கிண்டல்களுக்குத் தானே தொடையில் தட்டிக்கொண்டான். மாடிப்படி வந்ததும் தட்டுவதை நிறுத்தினான். மறுபடி போடச் சொன்னான். அதற்கப்புறம் ரொம்ப நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாய் பேசுகிறவர்கள் பேசாமல் இருப்பதைவிட, கையால் பேசுகிறவன் கையை மடியில் வைத்துக்கொண்டால் வீடு அதிகம் அமைதியாகிவிடும்.

தான் எழுதி வைத்ததை அவள் பெருமையாகக் காட்டினாள். அவன் அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். டிவிடி இன்னும் கடைக்குப் போகவில்லை. எழுத்தைச் சரிபார்க்க டைரக்டர் வருவார். இதைப் படித்த நிமிஷமே அந்தக் காட்சியை வெட்டி எறிவார். அப்புறம் தையல்காரர் விழுந்ததற்கு உலகத்தில் சாட்சியே இருக்காது. வெளியே வரட்டும், கடை கடையாகத் தொங்கட்டும், அதற்குப் பிறகு வெட்ட முடியாது. அப்போது அதையே எடுத்துக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகலாம். அதுவரை நீ வாயைத் திறக்காதே. இவ்வளவையும் அவன் கை வேகமாகச் சொல்லி முடித்தது.

அங்கே எதையாவது எழுதித்தானே ஆகவேண்டும் என்றாள். சத்தம் இருக்கிற இடத்தில் வரி இல்லாமல் கம்பெனி விடாது. படத்திலேயே பெரிய சத்தம் அவனுடையதுதான்.

"வழக்கமா என்ன எழுதுவியோ அதை எழுது."

"அது பொய்யாச்சே."

"படமே பொய்தான். ஒரு வரி கூடினா குறைஞ்சா போயிடும்?" பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குறும்பாக, "உனக்குக் கஷ்டம் அது இல்ல. அந்த ஆள் பக்கத்துல உக்காந்து நீ உதட்டைக் கோணாம இருக்கணும். அதான் கஷ்டம்."

மறுநாள் எழுதியதையெல்லாம் அழித்தாள். [உறுமல்] என்று போட மட்டும் விரல் வரவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டாள்.

டைரக்டர் தொப்பியோடுதான் வந்தார். அறைக்குள் வெயில் கிடையாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் படத்தைத் தானே முதன்முறை பார்க்கிறவர் மாதிரி கண்ணை விரித்துக்கொண்டு, ஆனால் ஒவ்வொரு சிரிப்புக்கும் முன்னாலேயே சிரித்தார். காது கேளாதவர்களுக்காகத் தன் சொந்த விருப்பத்தில் எழுத்துப் போடுவதாகச் சொன்னார். எழுத்துப் போடாமல் கம்பெனி எந்த டிவிடியையும் விற்பதில்லை என்பதை அவள் சொல்லவில்லை. ஜோம்பி என்பது வெறும் ஜோம்பி இல்லையாம், இன்றைய மனிதனாம். இன்றைய மனிதன் திரையில், 'இந்தத் தொப்பிக்காரனுக்கு மூளை இருந்தாத்தானே நான் தின்ன முடியும்' என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டாள்.

மாடிப்படி வந்தது. அண்ணனின் முகம் திரையை அடைத்தது. கீழே ஒன்றும் இல்லை.

"இங்க ஏன் காலியா இருக்கு?"

அவள் விசைப்பலகையை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். சொல்ல ஒரு பதில் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லிவிட்டு அந்த முகம் வெளிறுவதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. மின்விசிறி சுற்றியது. அவளுக்கு வார்த்தை கிடைக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"இவன் ஒரு ஊமை. ஒண்ணுமே தெரியாத ஆளு. நான்தான், உன் மனசுல இருக்கற வலியெல்லாம் வெளிய கொண்டு வான்னு சொன்னேன். பாருங்க, எப்படி வருது." அவர் எந்த மொழியில் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு, "ஆனா கொஞ்சம் நீளமோ? தியேட்டர்ல சரி. வீட்ல ரிமோட்டைக் கையில வச்சுக்கிட்டுல்ல பாப்பான். பாதிய வெட்டிடலாமா?" என்றார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வெட்டிவிடுவார். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே தெரியாது.

"வெட்டாதீங்க சார்," என்றாள். "படத்துலயே நல்ல இடம் இதுதான்."

"அப்படியா நினைக்கறீங்க?"

"இது ஒண்ணுதான் சார் நெஜமா இருக்கு."

அவள் இந்த அறையில் உட்கார்ந்து ஒரு படத்தைப் புகழ்ந்தது அதுவே முதல்முறை. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதுதான் கொடுமை. டைரக்டர் உருகிப்போய்விட்டார். இந்த நாட்டில் யாருக்கும் புரியாதது ஒரு எழுத்துப் போடுகிற பெண்ணுக்குப் புரிந்திருக்கிறது என்று தன் தொப்பியிடமே சொல்கிற மாதிரி முணுமுணுத்தார். வெட்ட வேண்டாம், முழுசாக இருக்கட்டும் என்றார். சந்தோஷத்தில் அவருக்குக் கற்பனையும் ஊறியது. காலியாக இருக்கிற இடத்துக்குத் தானே வசனம் தருவதாகச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு, பெரிய கவிதையைச் சொல்கிற தோரணையில் சொன்னார்:

"அடைப்புக்குறி. 'மூளை வேண்டும், மூளை வேண்டும்' எனப் பசியில் உறுமுகிறது. அடைப்புக்குறி."

அவள் தட்டினாள். அண்ணனின் கைகளுக்கு நேர் கீழே அந்த வரி போய் உட்கார்ந்தது. அவர் படித்துப் பார்த்து, தானே ரசித்து, தோளில் தட்டாத குறையாக விடைபெற்றார். போன பிறகு அவள் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். மைதா போல எதுவோ ஒட்டிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

டிவிடி வந்தது. அட்டையில் 'காது கேளாதோரும் கண்டு மகிழலாம்' என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சங்கத்தின் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். இரும்பு நாற்காலிகள், உயரமான அலமாரி மேல் டிவி, சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டார்கள். அவள் மட்டும்தான் காது கேட்கிறவள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

கூடம் சிரித்த சிரிப்பு எந்தத் தியேட்டரிலும் கேட்டிருக்காது. மற்ற ஜோம்பிகளும் சும்மா இருக்கவில்லை. ஒருத்தன் பின்னால் நின்றபடி மத்தியானச் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டிருந்தான். இன்னொருத்தன் செத்துக் கிடக்கும்போது தரையில் கட்டெறும்பு என்று விரலால் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் தரையை உதைத்தார்கள், நாற்காலியைத் தட்டினார்கள். அவள் எழுதிய வரிகளை யாரும் பார்க்கவே இல்லை. இவ்வளவு வருஷம் யாருக்காக எழுதினோம் என்று ஒரு கணம் நினைத்தாள்.

மாடிப்படி வந்தபோது பார்த்தார்கள். மேலே நண்பனுக்காகக் கதறுகிற கைகள். கீழே, 'மூளை வேண்டும், மூளை வேண்டும்' எனப் பசியில் உறுமுகிறது. உதைப்பதும் தட்டுவதும் நின்றன. முன்வரிசையில் ஒருவர் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு இன்னொருவர். இந்தக் கம்பெனியில் எழுத்துப் போடுவது யார் என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். இளப்பத்தை மற்றவர்கள் மேல் பார்த்தே பழகியவளுக்கு, அது தன் மேல் விழும்போது எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அண்ணன் எழுந்து ஏதோ விளக்க ஆரம்பித்தான். அதற்குள் தையல்காரர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு டிவி இருந்த இடத்துக்கு நடந்துபோனார். எட்டியும் எட்டாத உயரம். நல்ல காலை ஊன்றிக்கொண்டு, கையை நீட்டி, உள்ளங்கையால் திரையின் அடிப்பகுதியை மூடிக்கொண்டார். காட்சி முடியும்வரை அப்படியே நின்றார்.

தொழிலாளர் அலுவலகத்துக்குப் போவது என்று அன்றைக்கே முடிவானது. கையால் சொல்வதை வாயால் சொல்ல ஒருவர் வேண்டும். யாரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. மூக்குக்கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்துக்கொண்டு, வருகிற எல்லோரும் பொய்தான் சொல்வார்கள், எந்தப் பொய் குறைவு என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவோம் என்கிற முகம். அறையில் ஒரு பக்கம் டைரக்டரும் மனைவியும். எதிர்ப்பக்கம் தையல்காரர், அண்ணன், அவள். சுவரோரப் பெஞ்சில் படத்தில் நடித்த மற்ற ஆறு பேர்.

அவளைப் பார்த்ததும் டைரக்டர் முகம் மலர்ந்தது. தனக்காக வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் மலர்ச்சி சுருங்கியது.

"நீங்க எப்படி இங்க?"

"எங்க அண்ணன் சார்."

அதிகாரியின் கம்ப்யூட்டரில் மாடிப்படிக் காட்சியைப் போட்டார்கள். அண்ணன் எழுந்து, திரையில் இருப்பதை ஒருமுறை தானே செய்து காட்டினான். அவள் சொன்னாள். நிறுத்து, ஆள் விழுந்துட்டான், கால் உடைஞ்சிருக்கு, கண்ணு இல்லையா. அண்ணனின் பேச்சைத் தன் குரலில் இத்தனை பேர் முன்னால் அவள் சொன்னதில்லை.

டைரக்டர் அசரவில்லை. கையை எப்படி வேண்டுமானாலும் ஆட்டச் சொன்னது தான்தான் என்றார். ஆட்டின கைக்கு இப்போது ஒரு அர்த்தம் கட்டிவிடுகிறார்கள், அதையும் கூடப்பிறந்த தங்கையே சொல்கிறாள் என்றார். பிறகு திரையின் அடியில் விரலை வைத்தார். "இங்க என்ன எழுதியிருக்குன்னு படிங்க மேடம். எழுதினது யாருன்னு கேளுங்க."

அதிகாரி படித்தார். கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "நீயாம்மா எழுதினே?"

"நான்தான் தட்டினேன். வசனம் சாருடையது. அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன்."

"பொய்யின்னு தெரிஞ்சே தட்டினியா?"

"தெரிஞ்சேதான். இல்லேன்னா வெட்டியிருப்பார்."

அப்படியானால் இரண்டில் ஒன்றை மட்டும் நான் எதை வைத்து நம்புவது என்று அதிகாரி கேட்டார். அன்றைக்கு ஒன்று, இன்றைக்கு ஒன்று. அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அண்ணன் அவள் முழங்கையைத் தட்டி என்ன கேட்கிறார்கள் என்றான். சொன்னாள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒரு யோசனை சொன்னான். அதை மொழிபெயர்க்க அவள் தயங்கினாள். பிறகு சொன்னாள்.

"அந்த ஒரு இடத்துல மட்டும் இல்லையாம் மேடம். முதல் காட்சியிலேர்ந்தே பேசிக்கிட்டுதான் இருக்காராம். ஆரம்பத்துலேர்ந்து போடுங்க, சும்மா ஆட்டறதா பேசறதான்னு தெரிஞ்சிடும்னு சொல்றார்."

கல்லறை, தெர்மாகோல், புகை. அவள் நாற்காலியைத் திரைக்கு நேராகப் போட்டுக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். குழியில் படுத்திருந்த நாயைச் சொன்னாள். சாப்பாட்டைச் சொன்னாள். அதிகாரி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சந்துக்குள் கதாநாயகி ஓடி வந்தாள். நிஜக் கதாநாயகி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். எத்தனை கோணினாலும், மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவளின் உதடு யாருடைய முகத்துக்கு நேரேயும் எதையும் சொன்னதில்லை. "இந்தம்மா நல்லா ஓடறாங்கன்னு சொல்றார்," என்றாள்.

சுவரோரப் பெஞ்சில் ஆறு ஜோடிக் கால்கள் தரையை உதைத்தன. அண்ணனோடு சேர்ந்து ஆறு பேரும் அவளைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டினார்கள். அவள் உதட்டசைவையே வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதிகாரி முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்து அந்தப் பெஞ்சைப் பார்த்தார். தங்கைக்கும் அந்த ஆறு பேருக்கும் திரையில் ஒரே சமயத்தில் ஒரே விஷயம் தெரிகிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"மாத்திச் சொன்னியா?"

"ஆமா மேடம்."

"உள்ளதைச் சொல்லும்மா."

சொன்னாள். நடிக்கத்தான் வரல, ஓடவாவது வரக்கூடாதா. கதாநாயகி கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். பூனை நழுவுவதைச் சொன்னாள். தொப்பிக்காரனைச் சொன்னாள், டைரக்டரின் கை தானாக எழுந்து தொப்பியைக் கழற்றியது. மூளை இருந்தாத்தானே தின்ன முடியும் என்பதைச் சொன்னபோது அதிகாரி கண்ணாடியை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்தார். தேவைக்கு அதிகமான நேரம் துடைத்தார். பெஞ்சிலிருந்து உதை வரவில்லை. ஒரு சொல்லும் அவள் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. இவ்வளவு நாள் மனசுக்குள் நாக்கைச் சுழற்றி ஏளனம் செய்து வந்ததெல்லாம் இதன் பக்கத்தில் எவ்வளவு கோழைத்தனம் என்று சொல்லச் சொல்லத் தெரிந்தது.

மறுபடி மாடிப்படி வந்தபோது அதிகாரி கையை உயர்த்தி அவளைப் பேசவேண்டாம் என்றார். ஒலியையும் குறைத்தார். கோமாளி இசை நின்றது. அண்ணனின் கைகள் திரையில் அடித்துக்கொண்டன. அவ்வளவு நேரம் பார்த்துப் பழகியதில் அந்த ஒரு சைகை, நிறுத்து என்பது, அதிகாரிக்கே தெரிந்திருக்க வேண்டும். அது திரும்பத் திரும்ப வந்தபோது அவர் விரல் மேஜைமேல் ஒவ்வொரு தடவையும் லேசாகத் தட்டியது.

காகிதம் டைரக்டர் பக்கம் நகர்ந்தது. அவர் பேனாவைத் தேடினார். மனைவி எடுத்துக் கொடுக்கவில்லை. அதிகாரியே கொடுத்தார். வேலை செய்த இடத்தில் விழுந்தார் என்பதற்குக் கீழே பெயரைப் போட்டுவிட்டு, அவர் நிமிராமலே அவளிடம் கேட்டார்.

"படத்துல உங்க அண்ணனுக்குப் பிடிச்ச மாதிரி ஒண்ணுமே இல்லையாமா? கேட்டுச் சொல்லுங்க."

ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது போலிருந்தது. அவள் அண்ணனிடம் திரும்பினாள். அண்ணன் அந்தக் காகிதத்தை மடித்துத் தையல்காரரின் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தான். அவள் கேட்டாள். அவன் டைரக்டரை ஒருமுறை பார்த்தான். பிறகு குனிந்து தையல்காரரின் தோளுக்கடியில் கையைக் கொடுத்து அவரைத் தூக்கி நிறுத்தினான். இரண்டு கையும் அதற்கே வேண்டியிருந்தது.

"என்ன சொல்றார்?" என்றார் டைரக்டர்.

"ஒண்ணும் சொல்லல சார்," என்றாள். அவர்களுக்கு வழிவிட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.